கோபத்துக்கு ஐந்து மதிப்பெண்

2019 மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு முடிந்த கையோடு, புதுக்கோட்டை மாவட்டம் பொன்னமராவதி பகுதியில் 144 தடை உத்தரவு போட வேண்டியதாயிற்று. காரணம் ஒரு குரல் பதிவு. ஒரு சமூகத்தையும் அச்சமூகப் பெண்களையும் இழிவாகப் பேசிய அந்தப் பதிவு வாட்ஸ்அப்பில் பரவியது. மக்கள் காவல் நிலையத்தை முற்றுகையிட்டனர். மோதல் வெடித்தது.

பேசியவர்களை நாம் கண்டிக்கிறோம். அது சரி. ஆனால், அந்தப் பேச்சை ஊர் ஊராகக் கொண்டுபோன பொத்தானைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அதற்கு முந்தைய ஆண்டு, குழந்தை கடத்தல் வதந்தியால் திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குப் போன மூதாட்டி ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். நாடு முழுவதும் இப்படிக் கொலைகள் நடந்த பிறகுதான், 2018 ஜூலையில், இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மட்டுமே ஃபார்வர்ட் செய்யலாம் என்று வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அன்று ஒரு குழுவில் 256 பேர் வரை இருக்கலாம். ஐந்து குழு என்றால் 1,280 பேர். ஒரே தட்டில் ஒரு ஊருக்கே போய்விடும். பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஓரிடத்துக்குத்தான் அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் மாற்றியதும், அத்தகைய ஃபார்வர்டுகள் 70 சதவீதம் குறைந்ததாக அந்நிறுவனமே சொன்னது. பொத்தானை மாற்றினால் பரவல் குறையும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஃபேஸ்புக் கதை இன்னும் மோசம். 2017 முதல் கோபக் குறி உள்ளிட்ட உணர்ச்சிக் குறிகளுக்கு ஒரு லைக்கைவிட ஐந்து மடங்கு மதிப்பு கொடுத்து, எதை மேலே காட்டுவது என்று அந்நிறுவனம் கணக்கிட்டது. கோபத்துக்கான மதிப்பைப் படிப்படியாகக் குறைத்து, பூஜ்யமாக்கியது 2020இல்தான். 2021இல் கசிந்த உள் ஆவணங்கள் மூலம் இது வெளியே தெரிந்தது. நம்மை இழிவுபடுத்தும் பதிவைப் பார்த்துக் கொதித்து நாம் போட்ட கோபக் குறியே, அந்தப் பதிவை இன்னும் பலர் கண்ணில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது.

விளாங்குடி, பரவை, சமயநல்லூர் பக்கம் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். அரிவாளும் ஆண்ட பரம்பரைப் பாட்டுமாக ஒரு ரீல்ஸை நின்று பார்த்தால், அடுத்தடுத்து அதே வருகிறது. ரசித்துப் பார்த்தோமா, எரிச்சலில் பார்த்தோமா என்று அந்தக் கணக்குக்குத் தெரியாது. பார்த்த நேரம்தான் அதற்குக் கணக்கு.

பாதிக்கப்பட்டவருக்கு எதிராக இன்னொரு வடிவமைப்பும் இருக்கிறது. ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். அனுப்பிய செய்தியை எல்லோர் திரையிலிருந்தும் அழிக்கவும் வசதி உண்டு. காலையில் சாதி சொல்லித் திட்டியவர், நாம் காவல் நிலையம் போய்ச் சேர்வதற்குள் தடயத்தைத் துடைத்துவிடலாம். பரப்புவதற்கு ஒரு தட்டு போதும். புகார் செய்ய மூன்று புள்ளியைத் தேடி, பட்டியல் பட்டியலாகக் கடக்க வேண்டும்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பிரிவு 3(1)(r), பொதுப் பார்வையில் அவமதிப்பதைக் குற்றமாக்குகிறது. 3(1)(u), பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீது பகையைத் தூண்டும் எழுத்துக்கும் பேச்சுக்கும் பொருந்தும். இணையத்தில் ஏற்றிய காணொளியும் பொதுப் பார்வைக்குள் வரும் என்று 2022இல் கேரள உயர் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

ஆகவே மாணவர்களுக்கு நாம் சொல்வது இதுதான். இழிவுப் பதிவைக் கண்டால் கமெண்ட்டில் சண்டைக்குப் போகாதீர்கள். "பாருங்கள் அநியாயத்தை" என்று பகிரவும் வேண்டாம், அதுவும் பரப்புவதுதான். முதலில் பெயர், தேதி, நேரம், இணைப்பு தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இன்னொரு போனில் திரையை வீடியோவாகவும் பதியுங்கள். அந்தப் போனை அழிக்காமல் வையுங்கள். மின்னணுச் சான்றுக்குப் புதிய சாட்சியச் சட்டம் பிரிவு 63இன்படி சான்றிதழ் தேவைப்படும். பிறகு செயலியில் புகார் செய்யுங்கள். காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

நிறுவனங்களிடம் கேட்க வேண்டியதும் உண்டு. புகார்ப் பட்டியலில் சாதி என்ற சொல் தமிழில், முதல் திரையிலேயே இருக்க வேண்டும். எந்தத் தெருவை எப்படித் திட்டுவார்கள் என்று அறிந்த தமிழர்கள் அந்தப் புகாரைப் படிக்க வேண்டும். புகார் வந்த பதிவின் நகல், அழித்த பிறகும் வழக்குக்குக் கிடைக்க வேண்டும். ஐந்தை ஒன்றாகக் குறைக்க முடிந்தவர்களால் இதையும் செய்ய முடியும்.