கை எட்டாத பாயிண்ட்

எங்கள் வீட்டில் ரயில் ஓடுகிறது என்றால் முதலில் யாரும் நம்புவதில்லை. பின்னறையில் எட்டடிக்கு நான்கடி பிளைவுட் பலகை. அதன்மேல் இரண்டு சுற்றுத் தடம், ஒரு சிறிய ஸ்டேஷன், சரக்குப் பெட்டிகள் ஒதுங்கி நிற்க நான்கு கிளைத் தடங்கள். வேலை ஓய்வு பெற்ற பிறகு அப்பா ஒவ்வொரு துண்டாக வாங்கிச் சேர்த்தது. நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு அளவு, 'எச்ஓ' என்பார்கள். தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர்.

ரயில் ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டும் என்றால் அங்கே 'பாயிண்ட்' இருக்க வேண்டும். நாக்கு போன்ற இரண்டு கூரிய தண்டவாளத் துண்டுகள் இப்படியோ அப்படியோ நகர்ந்து வழியை முடிவு செய்யும். அப்பாவின் பலகையில் அப்படி ஆறு. எல்லாமே விரலால் தள்ளி மாற்றுபவை.

கடந்த ஆண்டு அப்பாவின் வலது தோள் இறுகிப்போனது. 'ஃப்ரோசன் ஷோல்டர்'. இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு அதிகம் வரும் என்றார் டாக்டர். சட்டை போடுவதே சிரமம். பலகையோ சுவரோடு ஒட்டி நிற்கிறது. பின்வரிசைப் பாயிண்டுகளுக்குக் கையை நன்றாக நீட்ட வேண்டும். கொஞ்ச நாள், "தாத்தாவுக்கு ஒரு கை கடன் கொடுடா" என்று என் மகனைக் கூப்பிட்டார். பிறகு கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டார். அறைக் கதவு சாத்தியே கிடந்தது. என்ஜின்மேல் தூசு படிந்தது.

நான் படித்தது ஊடகத் துறை. வானொலி நிலையத்தில் தினமும் பத்து இருபது பட்டன்களை அழுத்துகிறேன். அவற்றுக்குப் பின்னால் ஓடும் வயர்களைப் பற்றி ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனாலும் அப்பாவிடம் சொல்லாமல் ஆறு பாயிண்ட் மோட்டார் வாங்கி வந்தேன்.

மோட்டார் என்று பெயர்தான். சுற்றுவது எதுவும் இல்லை. இரண்டு கம்பிச் சுருள்கள், நடுவில் ஓர் இரும்புத் தண்டு. ஒரு சுருளில் மின்சாரம் பாய்ந்தால் தண்டு அந்தப் பக்கம் இழுக்கப்படும். மற்றதில் பாய்ந்தால் இந்தப் பக்கம். தண்டோடு பாயிண்டின் நாக்கும் நகரும். ஒன்றுக்கு மூன்று வயர்: சுருளுக்கு ஒன்று, இரண்டுக்கும் பொதுவாக ஒன்று. இவ்வளவுதானே என்று நடுவரிசைப் பாயிண்டில் முதலாவதைப் பொருத்தினேன். சுவிட்சைத் தட்டினேன். டக்! நாக்கு நகர்ந்தது. கைப்பேசியை எடுத்து வீடியோ பிடிக்கத் தொடங்கினேன்.

கொஞ்ச நேரத்தில் கருகல் வாசம்.

"என்னம்மா தீயுது?" ஹாலிலிருந்து அப்பா வந்தார். பல வாரங்களுக்குப் பிறகு அந்த அறைக்குள் வந்தது அன்றுதான். சுவிட்சைப் பார்த்தார், மோட்டாரைப் பார்த்தார். "இதுக்கு ஒரு தட்டு போதும்மா. நீ கையை எடுக்கவே இல்ல."

நான் வாங்கியது அறை விளக்குச் சுவிட்ச் போன்றது. போட்டால் போட்டபடியே நிற்கும். இந்தச் சுருளுக்கோ நொடியில் ஒரு பங்கு நேர மின்சாரம் போதும். தொடர்ந்து பாய்ந்தால் சூடேறி எரிந்துவிடும். வேண்டியது, விரலை எடுத்ததும் தானே விடுபடும் அழுத்து பட்டன். ஒன்று ஓரிரு வெள்ளிதான். அதோடு கெப்பாசிட்டர் உள்ள ஒரு சிறிய பலகையையும் பவர் சப்ளைக்கும் பட்டன்களுக்கும் இடையில் வைத்தோம். மின்சாரத்தைச் சேர்த்து வைத்து, பட்டனை அழுத்தியதும் ஒரே வீச்சில் கொட்டும். உதை பலமாக இருக்கும். விரல் பட்டனிலேயே இருந்துவிட்டாலும் சுருள் எரியாது.

அன்றிலிருந்து வேலை அப்பாவுடையது, நான் கையாள். பட்டன் பலகை இடது கைப்பக்கம் இருக்க வேண்டும் என்றார். அதன்மேல் தட வரைபடத்தை இடது கையாலேயே வரைந்தார். கோடு கோணல்தான். பாயிண்ட் பிரியும் ஒவ்வொரு கிளையிலும் ஒரு பட்டன். எந்த வழி வேண்டுமோ அந்தக் கோட்டிலேயே அழுத்தலாம். மிச்சமிருந்த ஐந்து மோட்டாருக்குப் பதினைந்து வயர். பொது வயர்களைப் பலகைக்கு அடியிலேயே ஒன்றாகச் சேர்த்ததும் வெளியே வருவது பதினொன்றாகக் குறைந்தது. ஒவ்வொரு வயருக்கும் இரண்டு முனையிலும் எண் ஒட்டச் சொன்னார். அலுப்பான வேலை. ஒரு பட்டன் எதிர்ப்பக்கம் திருப்பியபோது, அந்த எண்களால் இரண்டே நிமிடத்தில் தவறு பிடிபட்டது.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று: வயரைத் தொடும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பலகையில் ஓடுவது குறைந்த வோல்ட்தான்; ஆனால் சுவரில் இருப்பது 230. அடாப்டரைத் திறக்கவே வேண்டாம்.

ஒவ்வொரு பாயிண்டுக்கும் விளக்கு வைக்கலாமே என்று கேட்டேன். அப்பா தலையை ஆட்டினார். எங்கள் தாத்தா குளுவாங் பக்கம் ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். நெம்புகோலை இழுத்துத் தடம் மாற்றியவர். "பட்டனை அமுக்கினோம்ங்கிறதுக்குத்தான் அந்த விளக்கு சாட்சி. பாயிண்ட் திரும்புச்சாங்கிறதுக்கு இல்ல. இடையில சின்னக் கல்லு மாட்டினாலும் விளக்கு எரியும்." நிஜ ரயிலில் நாக்கு முழுதாக ஒட்டியது உறுதியான பிறகே சிக்னல் விழும். நம் பலகையில் அந்தச் சிக்னல் அப்பாவின் காதுதான். சரியாகத் திரும்பினால் 'டக்' என்று கூர்மையாகக் கேட்கும். பாதியில் நின்றால் மந்தமாக. ஒலியை வைத்துப் பிழைக்கும் எனக்கே அதைப் பிரித்தறிய ஒரு வாரம் ஆனது.

இப்போது மாலையில் அறைக் கதவு திறந்திருக்கிறது. மகன் கூப்பிடாமலே போய் உட்காருகிறான்.

எரிந்துபோன மோட்டாருக்குப் பதில் இன்னொன்று வாங்கி வருகிறேன் என்றேன். "வேண்டாம்மா, அது இருக்கட்டும். கைக்கு எக்சர்சைஸ்" என்றார். நடுவரிசைப் பாயிண்டை மட்டும் தினமும் வலது கையை நீட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு, விரலால் தள்ளப் பார்க்கிறார். போன மாதம் மூன்று அங்குலம் எட்டவில்லை. நேற்று மகன் ரூலர் வைத்து அளந்தான். ஒன்றரை.