செத்தவர்கள் வரிசையில் நிற்கும் கந்தோர்

ஷெஹான் கருணாதிலக எண்டு சொன்னால் எங்கட பட்சில இரண்டு மறுமொழிதான் வரும். ஒண்டு, "ஓ, புக்கர் எடுத்தவர்தானே?" மற்றது, "அது கொழும்பு இங்கிலீஷ்காரற்ற கதை மச்சான், எங்களுக்கென்ன?" இரண்டாவது மறுமொழியோடதான் எனக்குக் கொழுவல்.

முதலில் அவர் வந்த வழியைப் பார்ப்போம். விளம்பரத்துறையில் வேலை செய்தவர். முதல் நாவலான 'சைனாமன்' கையெழுத்துப் பிரதியாக இருக்கும்போதே 2008க்கான கிரேஷியன் பரிசைப் பெற்றது, 2010இல் புத்தகமானது. குடித்தே சாகப்போகும் ஒரு விளையாட்டுப் பத்திரிகையாளர், பிரதீப் மத்யூ என்ற சுழல்பந்து வீச்சாளரைத் தேடுகிறார். மத்யூவின் தகப்பன் தமிழர். அப்படியொரு திறமைசாலி, ஆனால் பதிவுகளில் அவன் பெயரே அழிந்துபோயிருக்கு.

அடுத்த நாவலுக்குப் பத்து வருசம் எடுத்தது. 2020இல் இந்தியாவில் வேறு பெயரில் வந்து, பிறகு திருத்தி எழுதப்பட்டு, 2022இல் 'த செவன் மூன்ஸ் ஒஃப் மாலி அல்மேதா'வாக வெளிவந்தது. அந்த வருசமே புக்கர். 1992இல் மைக்கேல் ஒண்டாச்சிக்குப் பிறகு அந்தப் பரிசு எடுத்த இலங்கையர் இவர்தான்.

மாலி ஒரு யுத்தப் படப்பிடிப்பாளன். கதை தொடங்கும்போதே செத்துப்போனான். கண் முழிக்கிற இடம் சொர்க்கமும் இல்லை, நரகமும் இல்லை, ஒரு கந்தோர். வரிசை, தள்ளுமுள்ளு, பதில் சொல்லாத உத்தியோகத்தர்கள். தன்னைக் கொன்றது யாரெண்டு கண்டுபிடிக்க அவனுக்கு ஏழு இரவுகள்தான். வெளிநாட்டு வாசகர் இதை அபாரமான கற்பனை எண்டு ரசிக்கலாம். 2017இல் இருந்து கிளிநொச்சியில் பிள்ளைகளின் படத்தோட தெருவில் இருந்த அம்மாக்களைப் பார்த்த எங்களுக்கு, அந்தக் கந்தோர் எங்கை இருக்கெண்டு நல்லாத் தெரியும்.

அந்தக் கந்தோரில் மாலியை மறிக்கிற அதிகாரி ராணி ஸ்ரீதரன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விரிவுரையாளர், புலிகளால் கொல்லப்பட்டவர். ரஜனி திராணகமவை மனதில் வைத்து எழுதப்பட்ட பாத்திரம் இது. மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் படிப்பித்தவர் ரஜனி. 'முறிந்த பனை'யை எழுதிய நால்வரில் ஒருவர். 1989 செப்டெம்பர் 21, திருநெல்வேலியில் சைக்கிளில் வீட்டுக்குப் போகேக்க சுடப்பட்டார். வயது 35.

அந்த றோட்டால நான் இரண்டு வருசம் போய்வந்திருக்கிறன். ஒருத்தரும் எனக்கு இதைச் சொல்லேல்ல. ஒரு இங்கிலீஷ் நாவலை டிக்சனரியோட வாசிச்சுத்தான் தேடி அறிஞ்சன். வெட்கமாத்தான் இருந்தது.

கருணாதிலகவில் எனக்கும் குறை இருக்கு. 2009 யுத்த முடிவுக்குப் பிறகுதான் இந்த யோசனை வந்ததெண்டும், நிகழ்காலத்தை எழுதத் துணிவில்லாமல் இருபது வருசம் பின்னால் 1989க்குப் போனதெண்டும் அவரே சொல்லியிருக்கிறார். அப்ப முள்ளிவாய்க்காலில் செத்தவர்களுக்கு ஏழு இரவுகள் ஆர் குடுக்கிறது? அவரிட்டை இதைக் கேட்க எனக்கு உரிமை இருக்கெண்டு நினைக்கிறன்.

ஆனால் அதே கேள்வி எங்களுக்கும் திரும்பி வருது. அவர் பயந்தேன் எண்டாவது ஒத்துக்கொண்டார். நாங்கள்? ஆமி கொன்றவர்களுக்கு மே மாதம் கஞ்சி காய்ச்சுறம், அழுறம். அது கட்டாயம் செய்யவேணும். இயக்கம் கொன்றவர்கள் எண்டால் மட்டும் குரல் தாழுது, கதை மாறுது. ரஜனியோட வேலை செய்தவர்களும் குடும்பமும் புலிகளைத்தான் குற்றஞ்சாட்டினார்கள். கன்ரீனில இதைச் சத்தமாச் சொல்லிப் பாருங்கோ, மேசை எவ்வளவு கெதியில வெறுமையாகுதெண்டு தெரியும்.

பேய்க்கதையின் பிரயோசனம் எனக்கு இதுதான். செத்தவன் ஒரு பக்கமும் சேரத் தேவையில்லை. மாலி ஆமியையும் ஜே.வி.பி.யையும் புலியையும் இந்திய ஆமியையும் ஒரே வாயால் ஏசுறான். உயிரோட இருக்கிற எங்களால அது ஏலாமல் இருக்கு.

கொழும்பு இங்கிலீஷ்காரற்ற கதைதான், மறுக்கேல்ல. ஆனால் அதில எங்கட கம்பஸ் ரீச்சர் ஒருத்தி இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறா. ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ. பிறகு அந்த றோட்டால போகேக்க சைக்கிளைக் கொஞ்சம் மெதுவா மிதியுங்கோ.