கதவு திறந்தது, கடை நகர்ந்தது

அமெரிக்காவில் ஷாப்பிங் மால்கள் வரிசையாகச் செத்துக்கொண்டிருக்கின்றன. இதைப் பற்றி வரும் கட்டுரைகளிலும் யூடியூப் காணொலிகளிலும் பெரும்பாலும் ஒரே கொலையாளிதான்: அமேசான். கூரை பெயர்ந்த கட்டடம், வற்றிப்போன நீரூற்று, பின்னணியில் சோக இசை, ‘எங்கள் இளமைக்காலம் போச்சே’ என்ற ஏக்கம். நானும் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு கணக்கு எனக்கு இடிக்கிறது. சிகாகோவுக்குத் தெற்கே ஹார்வி என்ற புறநகரில் 1966இல் திறக்கப்பட்ட டிக்ஸி ஸ்கொயர் மால், 1978இல் இழுத்து மூடப்பட்டது. அமேசான் தொடங்கப்பட்டதே 1994இல்தான். பதினாறு ஆண்டுகள் கழித்துப் பிறந்தவன் மேல் இந்தக் கொலைப் பழியை எப்படிப் போடுவது?

சாவைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் பிறப்பைப் பார்க்க வேண்டும்.

நான்கு பக்கமும் மூடி, குளிரூட்டி, கடைகளை எல்லாம் உள்நோக்கித் திருப்பிவைத்த முதல் புறநகர் மால், மினியாபொலிஸ் நகரை ஒட்டிய ஈடைனாவில் 1956 அக்டோபரில் திறக்கப்பட்ட சவுத்டேல். வடிவமைத்தவர் விக்டர் குரூயென். வியன்னாவைச் சேர்ந்த யூதர், சோசலிஸ்ட், 1938இல் நாஜிகளிடமிருந்து தப்பி வந்தவர். காரை விட்டு இறங்கி மனிதர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசும் ஊர்ச் சதுக்கம் ஒன்றை உருவாக்குவதே அவர் கனவு. அதைச் சுற்றி வீடுகள், பள்ளி, மருத்துவமனை எல்லாம் வரும் என்று நினைத்தார். வந்தது கடையும் கார் நிறுத்துமிடமும்தான். கடைசிக் காலத்தில் வியன்னாவுக்கே திரும்பிப்போன அவர், மால்களின் தகப்பன் என்ற பட்டமே தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

குரூயெனின் கதையைச் சொல்கிறவர்கள் வழக்கமாக இங்கே நிறுத்திக்கொள்வார்கள். நல்ல கனவு, பேராசைக்காரர்கள் கெடுத்துவிட்டார்கள் என்று. அந்தச் சதுக்கம் யாருடைய ஊரில் கட்டப்பட்டது என்று நான் கேட்கிறேன்.

ஈடைனாவின் ‘கன்ட்ரி கிளப்’ குடியிருப்பு 1920களில் மனை பிரித்து விற்கப்பட்டது. அதன் பத்திரங்களிலேயே, வெள்ளையர் தவிர வேறு யாருக்கும் விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று எழுதியிருந்தது. ஒரே ஒரு விலக்கு: வீட்டு வேலைக்காரராக இருந்தால் தங்கலாம். நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொல்லைப்புற வழி எதற்கு என்று நம் பாட்டிகளுக்குத் தெரியும்.

இத்தகைய பத்திர நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அதற்குள் வரைபடம் போட்டு முடித்துவிட்டார்கள். கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் 1930களிலேயே அந்த நிபந்தனைகளைப் பரிந்துரைத்தது. கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில் வீட்டுக்கடனுக்கு உத்தரவாதம் தர மறுத்தது. 1954இல் வந்த வரிச் சட்டம் புதுக் கட்டடங்களின் தேய்மானத்தை வேகமாகக் கழித்துக்கொள்ள அனுமதித்ததால், புறநகரில் மால் கட்டுவது பணக்காரர்களுக்கு நல்ல வரிச் சலுகையானது. 1956 ஜூனில் நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது. கடன், வரி, சாலை எல்லாம் அரசு கொடுத்தது. பிறகு ‘சந்தை தானாக நகர்ந்தது’ என்று எழுதிக்கொண்டார்கள்.

அதே 1956இல் தெற்கே வேறொன்று நடந்துகொண்டிருந்தது. சவுத்டேலில் ரிப்பன் வெட்டிய நாளில், அலபாமாவின் மான்ட்கோமரியில் கறுப்பின மக்கள் பத்து மாதங்களாகப் பேருந்தில் ஏறாமல் நடந்துகொண்டிருந்தார்கள். 1960 பிப்ரவரி 1 அன்று, வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் நான்கு கறுப்பின மாணவர்கள் நகர மையத்து உல்வொர்த் கடையின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து காபி கேட்டார்கள். கொடுக்க மறுத்தார்கள், மாணவர்கள் எழுந்திருக்க மறுத்தார்கள். 1964இல் குடிமை உரிமைச் சட்டம் வந்தது. கடைத்தெருவின் கதவு திறந்தது. ஆனால் அதற்குள் கடைத்தெருவே ஊரைக் காலி செய்யத் தொடங்கியிருந்தது. பெரிய கடைகள் ஒவ்வொன்றாகப் புறநகர் மால்களுக்குப் போயின. உட்கார உரிமை கிடைத்த மேசைக்குப் பக்கத்துக் கடைகளில் பூட்டு தொங்கியது.

தோழர்களே, இது நமக்கு நன்றாகத் தெரிந்த கதை. 1927இல் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மக்கள் மகத் குளத்தில் நீர் அருந்திய பிறகு, ஆதிக்க சாதியினர் அந்தக் குளத்தில் சாணமும் கோமியமும் ஊற்றித் ‘தீட்டுக் கழித்தார்கள்’. பொதுக் குழாயில் சேரி மக்களும் குடம் வைக்கத் தொடங்கியதும் தன் வீட்டில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அரசுப் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததும், தனியார் பள்ளி வேனுக்குக் கை காட்டியவர்களையும் பார்த்திருக்கிறோம். மிசிசிப்பியின் ஜாக்சன் நகராட்சியும் இதைத்தான் செய்தது. நீச்சல் குளத்தில் கறுப்பினப் பிள்ளைகளும் இறங்கலாம் என்று வந்தபோது, குளங்களையே மூடிவிட்டது. 1971இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் அதைச் சரி என்றது. இனமும் சாதியும் ஒன்றல்ல. தோற்றம் வேறு, நியாயப்படுத்தும் விதம் வேறு. ஆனால் ‘பொது’ என்பது எல்லோருக்கும் ஆனவுடன் அதைக் கைகழுவிவிட்டுத் தனியே ஒன்றைக் கட்டிக்கொள்ளும் புத்தி இரண்டிலும் இருக்கிறது. 1946இல் அம்பேத்கர் டபிள்யூ.ஈ.பி. டுபாய்சுக்குக் கடிதம் எழுதியது சும்மா இல்லை.

மால் வாசலில் ‘கறுப்பினத்தவருக்கு அனுமதி இல்லை’ என்ற பலகை கிடையாது. தேவையும் இல்லை. கார் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரையொட்டி வால்டன் கேலரியா என்ற மால் இருக்கிறது. கறுப்பின மக்கள் வாழும் கிழக்குப் பகுதியிலிருந்து வந்த 6ஆம் எண் பேருந்து அதன் வளாகத்துக்குள் நிற்க 1995இல் அனுமதி இருக்கவில்லை. கனடாவிலிருந்து வந்த சுற்றுலாப் பேருந்துகள் உள்ளே போக முடிந்தது. 1995 டிசம்பரில், அந்த மாலின் உணவுக்கூடத்தில் வேலை பார்த்த 17 வயது கறுப்பினப் பெண், வெளியே சாலையில் இறங்கி, ஏழு வழிச் சாலையைக் கடக்கும்போது லாரி மோதியது. சில வாரங்களில் இறந்துபோனார். ஒரு சிறு குழந்தையின் தாய். 1999இல் 25.5 லட்சம் டாலருக்கு வழக்கு சமரசமானது. அவருடைய உழைப்பு உள்ளே வரலாம். அவரைக் கொண்டுவரும் பேருந்து வரக் கூடாது.

உள்ளே வந்துவிட்டாலும் அது பொதுவெளி ஆகிவிடாது. போர்ட்லாந்தின் லாயிட் சென்டர் மாலில் வியட்நாம் போருக்கு எதிராகத் துண்டறிக்கை கொடுத்தவர்கள் வெளியேற்றப்பட்ட வழக்கில், இது தனியார் சொத்து, வெளியேற்றலாம் என்று 1972இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சதுக்கம் போலக் கட்டலாம், மக்களைச் சதுக்கம் போலக் கூட்டலாம், சதுக்கத்தின் உரிமையை மட்டும் தர வேண்டியதில்லை. ஈடைனாவுக்குப் பக்கத்து ஊரில் இருக்கும் மால் ஆஃப் அமெரிக்கா, 1996 முதல் வார இறுதி மாலைகளில் 16 வயதுக்குட்பட்டவர்கள் பெரியவர் துணையின்றி வரக் கூடாது என்றது. 2014 டிசம்பரில் அங்கே ‘கறுப்பினத்தவர் உயிரும் முக்கியம்’ என்று முழங்கியவர்களில் பலர் மேல் வழக்குப் பாய்ந்தது. அடுத்த ஆண்டு, ஏற்பாட்டாளர்கள் மேல் இருந்த குற்றச்சாட்டுகள் நீக்கப்பட்டன.

இப்போது ஹார்விக்கு வருவோம். அது ஆலைகள் நிறைந்த தொழிலாளர் ஊர். கறுப்பினக் குடும்பங்கள் அங்கே வீடு வாங்கத் தொடங்கியதும் வெள்ளையர்கள் கிளம்பினார்கள். பின்னால் முதலீடும் கிளம்பியது. ஆலைகளும் மூடப்பட்டன. 1973இல் இன்னும் தள்ளி மேட்டிசனில் லிங்கன் மால் திறக்கப்பட்டது. டிக்ஸி ஸ்கொயர் செத்தது. 1980இல் வந்த ‘தி புளூஸ் பிரதர்ஸ்’ படத்தில் போலீஸ் கார்கள் ஒரு மாலுக்குள் புகுந்து கண்ணாடிகளை நொறுக்கும் காட்சி இருக்கிறதல்லவா, அது இந்தக் கட்டடம்தான். உலகமே சிரித்தது. படக்குழு போனபின், அந்த இடிபாடு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஹார்வி மக்களின் வீட்டெதிரே கிடந்து, 2012இல்தான் இடித்து முடிக்கப்பட்டது. வாடிக்கையாளர்களை இழுத்துக்கொண்ட மேட்டிசனும் பிறகு கறுப்பினப் பெரும்பான்மை ஊரானது. லிங்கன் மாலும் 2015இல் மூடப்பட்டது.

எல்லா மாலும் இதனால் மட்டுமே செத்தது என்று நான் சொல்லவில்லை. தேவைக்கு மேல் கட்டியது, பெருங்கடைகள் கடனில் மூழ்கியது, 2008 நெருக்கடி, இணைய வணிகம் எல்லாமே உண்டு. ஆனால் யார் வீட்டருகே இருந்தது முதலில் செத்தது, எது பிழைத்தது என்று வரிசை போட்டுப் பாருங்கள். ஈடைனாவின் சவுத்டேல் இன்னும் திறந்திருக்கிறது.

செத்த இடத்தில் முளைப்பது எது? ஒஹையோவில் கிளீவ்லாந்தை ஒட்டி 1976இல் திறந்த ராண்டல் பார்க் மால், உலகிலேயே பெரியது என்று ஒரு காலத்தில் மார்தட்டியது. 2009இல் மூடப்பட்டு இடிக்கப்பட்டது. அந்த நிலத்தில் 2018 முதல் அமேசான் கிடங்கு இயங்குகிறது. கடையில் நின்றவர்களின் பிள்ளைகள் இப்போது கிடங்கில் ஓடுகிறார்கள். லாஸ் ஏஞ்சலிசில் கறுப்பின மக்களின் கூடுமிடமாகவே ஆகிவிட்ட கிரென்ஷா மால் விற்பனைக்கு வந்தபோது, அப்பகுதி மக்கள் கூட்டாகச் சேர்ந்து, நிதி திரட்டி, நாங்களே வாங்குகிறோம் என்று முன்வந்தார்கள். 2021இல் அது ஒரு கட்டுமான நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. வெள்ளையர்கள் விட்டுச்சென்றதைத் தமதாக்கிக்கொண்டவர்களுக்கு, அதன் மதிப்பு ஏறியதும் இடமில்லை.

நம் ஊரில் மால்கள் இன்னும் ஏறுமுகத்தில் இருக்கின்றன. கல்லூரி நாட்களில் சென்னையின் ஒரு மாலுக்கு நாங்கள் நான்கு பேர் போனபோது, வரிசையில் எங்கள் பைகளை மட்டும் கொட்டிப் பார்த்தார்கள். பார்த்த காவலாளியும் எங்களைப் போன்றவர்தான். 2024 ஜூலையில் பெங்களூரு மால் ஒன்றில் வேட்டி கட்டி வந்த முதிய விவசாயியை உள்ளே விடவில்லை. கண்டனம் எழுந்த பிறகே ஏழு நாள் மூடல் என்று கர்நாடக அரசு அறிவித்தது. கடைகளில் நாள் முழுக்க நிற்கும் பெண்களுக்கு உட்கார நாற்காலி வேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தம் தேவைப்பட்டது.

மாலுக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. குளிர்ச்சியான இடத்தில் கவலையின்றிச் சுற்றும் ஆசை நமக்கும் உரியதுதான். ஆனால் உங்கள் ஊரில் அடுத்த மால் திறக்கும்போது சிலவற்றைக் கேளுங்கள். மாநகரப் பேருந்து எங்கே நிற்கும்? துப்புரவுப் பணியாளர் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவார்? உள்ளே நின்று ஒரு துண்டறிக்கை கொடுக்க முடியுமா? அதைவிட முக்கியமாக, அதற்கு வெளியே இருக்கும் பூங்கா, நூலகம், சந்தை, கடற்கரை எந்த நிலையில் இருக்கின்றன என்று பாருங்கள். நம் முன்னோர் அடிவாங்கித் திறந்தவை அந்தக் கதவுகள். அவை பாழானால் நமக்குப் போக வேறு இடம் கிடையாது.