கிலியன் மர்ஃபி முதல் மர்ஃபி ரேடியோ வரை... எல்லாரும் ஒரே குடும்பமா? ஒரு ஐரிஷ் பெயரின் கதை

'ஓப்பன்ஹைமர்' படத்துக்காக 2024 மார்ச்சில் ஆஸ்கர் வாங்கினார் கிலியன் மர்ஃபி. 'ஷ்ரெக்' படத்தில் வாயாடிக் கழுதைக்குக் குரல் கொடுத்தவர் எடி மர்ஃபி. 'எது தப்பா போக வாய்ப்பு இருக்கோ, அது தப்பாத்தான் போகும்' என்று மீம்ஸ்களில் சுத்துவது மர்ஃபி விதி. உதட்டருகே விரல் வைத்த குழந்தை படத்தோடு தாத்தா காலத்து வீடுகளில் இருந்தது மர்ஃபி ரேடியோ.

இவங்க எல்லாரும் சொந்தக்காரங்களா? இல்லை. அப்போ எப்படி ஒரே பெயர்? அதற்குப் பின்னால் ஒரு அரசியல் இருக்கிறது. இன்றைய அயர்லாந்தில் யார் ஐரிஷ் என்ற சண்டை வரைக்கும் அது நீள்கிறது.

மர்ஃபி என்றால் என்ன?

அயர்லாந்தில் மிக அதிகம் பேர் வைத்திருக்கும் குடும்பப் பெயர் மர்ஃபிதான். ஐரிஷ் மொழியில் இதன் இன்றைய வடிவம் 'ஓ முரஹூ'. 'கடல் போர்வீரனின் வழித்தோன்றல்' என்று அர்த்தம். 'ஓ' என்றால் பேரன் வழி, 'மக்' என்றால் மகன் வழி.

இந்தப் பெயர் ஒரே ஒரு மூதாதையரிடம் இருந்து வரவில்லை. வெக்ஸ்ஃபோர்ட், கார்க், டைரோன் என வெவ்வேறு பகுதிகளில் தனித்தனியாக உருவானது. அதனால் அயர்லாந்துக்குள்ளேயே இரண்டு மர்ஃபிகள் சந்தித்தால் அவர்கள் உறவினர்களாக இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை.

'ஓ' எங்கே போச்சு?

ஆங்கிலேயர் ஆட்சி இறுக இறுக, ஐரிஷ் பெயர்களை ஆங்கில அதிகாரிகள் காதில் விழுந்தபடி எழுதத் தொடங்கினார்கள். ஐரிஷ் அடையாளம் தெரிந்தால் சிக்கல் என்பதால் பலர் 'ஓ', 'மக்' முன்னொட்டுகளை விட்டுவிட்டார்கள். டப்ளின் சுற்றுவட்டார ஐரிஷ்காரர்கள் ஆங்கிலப் பெயர்தான் வைக்க வேண்டும் என்று 1465லேயே சட்டம் வந்தது.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மொழி மறுமலர்ச்சி வந்தபோது சல்லிவன்கள் பலர் மறுபடி ஓ'சல்லிவன் ஆனார்கள். மர்ஃபிகளில் பெரும்பாலோர் அப்படியே இருந்துவிட்டார்கள்.

உலகம் முழுக்க எப்படிப் பரவியது?

காரணம், உருளைக்கிழங்கு. 1845ல் தொடங்கிய நோய் அந்தப் பயிரை அழித்தது. ஏழைகளுக்கு அதுதான் ஒரே சாப்பாடு. 1852 வரை நீடித்த பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். இன்னொரு 10 லட்சம் பேராவது கப்பல் ஏறினார்கள். அதே காலத்தில் அயர்லாந்தில் இருந்து உணவுப் பொருட்கள் இங்கிலாந்துக்கு ஏற்றுமதி ஆனதுதான் இன்று வரை ஆறாத காயம். கொடுமை என்னவென்றால், ஆங்கிலக் கொச்சை வழக்கில் உருளைக்கிழங்குக்கே 'மர்ஃபி' என்று ஒரு பெயர் உண்டு!

கவனிக்க வேண்டிய மர்ஃபிகள்

* வில்லியம் பி. மர்ஃபி: அமெரிக்க மருத்துவர். அன்று உயிரைப் பறித்த ஒரு வகை ரத்தசோகைக்கு ஈரல் உணவு மூலம் சிகிச்சை கண்டறிந்ததற்காக 1934ல் இன்னும் இருவரோடு நோபல் பரிசு பெற்றார்.

* எட்வர்ட் மர்ஃபி: அமெரிக்க விமானப்படைப் பொறியாளர். 1949ல் ராக்கெட் வண்டிச் சோதனை ஒன்றில் சென்சார்கள் தப்பாக மாட்டப்பட்டிருந்தன. அந்தக் கடுப்பில் அவர் சொன்னதுதான் 'மர்ஃபி விதி' ஆனது. சரியாக என்ன சொன்னார் என்பதில் அங்கே இருந்தவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை.

* டெர்வ்லா மர்ஃபி: அயர்லாந்தின் பயண எழுத்தாளர். 1963ல் தனியாளாக சைக்கிளில் இந்தியா வந்தவர். பிறகு 5 வயது மகளோடு குடகு வரை பயணம் செய்து புத்தகம் எழுதினார்.

* ஃபிராங்க் மர்ஃபி: 1929ல் இங்கிலாந்தில் மர்ஃபி ரேடியோ நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

* கிறிஸ் மர்ஃபி: அமெரிக்க செனட்டர். 2022ல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கான பேச்சுவார்த்தையில் முக்கியப் பங்கு வகித்தவர்.

எடி மர்ஃபி எப்படி மர்ஃபி ஆனார்?

எடி மர்ஃபி நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்த கறுப்பின அமெரிக்கர். அமெரிக்கக் கறுப்பின மக்களில் பலருக்கு ஐரிஷ், ஆங்கிலக் குடும்பப் பெயர்கள் இருப்பதற்கு அடிமை முறை ஒரு பெரிய காரணம். அடிமைப்படுத்தப்பட்டவர்களுக்கு உரிமையாளரின் பெயர் ஒட்டிக்கொண்டது. விடுதலைக்குப் பிறகு தாங்களே ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்தவர்களும் உண்டு. ஆக, ஒரே பெயர் ஒருவரிடம் பஞ்சத்தின் தடம், இன்னொருவரிடம் அடிமை வரலாற்றின் தடமாக இருக்கலாம்.

பெயரை வைத்து பாஸ்போர்ட் கிடைக்குமா?

கிடைக்காது. மர்ஃபி என்ற பெயர் மட்டும் இருந்தால் எந்த உரிமையும் இல்லை. ஆனால் தாத்தா, பாட்டியில் ஒருவர் அயர்லாந்துத் தீவில் பிறந்திருந்தால், அங்கே காலே வைக்காத ஒருவரும் பதிவு செய்து குடியுரிமை பெறலாம்.

மறுபக்கம் பாருங்கள். 2004ல் நடந்த பொதுவாக்கெடுப்புக்குப் பிறகு, அயர்லாந்தில் பிறந்தாலே குடிமகன் என்ற நிலை மாறிவிட்டது. பெற்றோர் இருவரும் வெளிநாட்டவர் என்றால், பொதுவாக அவர்களில் ஒருவராவது குழந்தை பிறப்பதற்கு முந்தைய 4 ஆண்டுகளில் 3 ஆண்டுகள் அங்கே சட்டப்படி வசித்திருக்க வேண்டும்.

இது நமக்கும் சம்பந்தப்பட்ட விஷயம்தான். 2022 கணக்கெடுப்புப்படி அயர்லாந்தில் 45,000க்கும் அதிகமான இந்தியக் குடிமக்கள் வசிக்கிறார்கள். நர்ஸ், ஐடி ஊழியர் எனப் பல வேலைகளில் இருக்கிறார்கள். 2025ல் இந்தியர்கள் மீது தாக்குதல்கள் நடந்து, கவனமாக இருக்கும்படி டப்ளினில் உள்ள இந்தியத் தூதரகமே எச்சரிக்க வேண்டிய நிலை வந்தது.

ஆனால் இதே அயர்லாந்தில்தான் லியோ வரத்கர் இரண்டு முறை பிரதமராக இருந்தார். டப்ளினில் பிறந்தவர், அப்பா மும்பைக்காரர், பெயரோ சுத்தமான மராத்திப் பெயர். பட்டினியால் கப்பல் ஏறிய மர்ஃபிகளும் போன இடத்தில் ஒரு காலத்தில் 'வெளியாட்கள்' என்றுதான் ஒதுக்கப்பட்டார்கள். ஒருவர் எந்த வழியாக வந்தார் என்பதைக் குடும்பப் பெயர் கொஞ்சம் சொல்லும். அவர் எந்த நாட்டுக்குச் சொந்தம் என்பதை அது தீர்மானிக்காது.