இயந்திரம் புல்லை வெட்டட்டும், தொழிலாளியை அல்ல

ஊவா மலைத் தோட்டங்களில் களை அகற்றும் வேலை கடந்த சில ஆண்டுகளில் பெரிதும் மாறிவிட்டது. ஒரு காலத்தில் எம் பெண்கள் கையாலும் சுரண்டியாலும் செய்த வேலை அது. பின்னர் மருந்துத் தாங்கியை முதுகில் சுமந்த ஆண்களின் வேலையாயிற்று. 2015ஆம் ஆண்டில் கிளைபோசேற் களைகொல்லியை அரசாங்கம் தடை செய்தது. 2018இல் தேயிலைக்கும் றப்பருக்கும் மட்டும் அத்தடை தளர்த்தப்பட்டது. 2021இல் இரசாயன உரத்தோடு விவசாய இரசாயனங்களின் இறக்குமதியும் நிறுத்தப்பட்டு, அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே அம்முடிவு கைவிடப்பட்டது. 2022இல் கிளைபோசேற் தடையும் நீங்கியது. இந்த இழுபறிக்கிடையே, தோளில் மாட்டிப் புல் வெட்டும் பெற்றோல் இயந்திரம் எமது மலைகளில் கால் ஊன்றிவிட்டது. பசறை, நமுனுகுல, அப்புத்தளை, பண்டாரவளை என எப்பக்கம் போனாலும் அதன் இரைச்சலைக் கேட்கலாம்.

இந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன். நஞ்சைச் சுவாசிப்பதைவிடப் புல்லை வெட்டுவது மேல். சுரண்டியால் இழுத்தால் மேல்மண் கிளம்பி, அடுத்த மழைக்குக் கானில் ஓடிவிடும். வெட்டினால் வேர் நிலத்திலேயே நின்று மண்ணைப் பிடித்துக்கொள்ளும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையிலும், 2025 நவம்பர் புயல் மழையிலும் மலை சரிந்ததைக் கண்ட மாவட்டம் இது. மண்சரிவுக்குக் காரணங்கள் பல. ஆயினும் மண்ணின் அருமையைப் பதுளை மக்களுக்குப் புதிதாக எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் ஒரு கேள்வியை நாம் தட்டிக்கழிக்க முடியாது. இயந்திரத்தால் வரும் இலாபம் ஒருவருக்கும், அதனால் வரும் ஆபத்து இன்னொருவருக்கும் போவது நியாயமா? இயந்திரத்தை மட்டும் கொடுத்துவிட்டு, பயிற்சியையும் பாதுகாப்பு உடையையும் பராமரிப்பு நேரத்தையும் கொடுக்காமல் விடுவது, பாதி இயந்திரத்தைக் கொடுப்பதற்கே சமம். மறுபாதியைத் தொழிலாளி தன் உடம்பால் ஈடுசெய்கிறான்.

சமதரையில் பிறந்த இயந்திரம்

புல் வெட்டும் இயந்திரத்துக்கு இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர் 1830இல் காப்புரிமை பெற்றார். துணி ஆலையில் துணியின் மேற்பரப்பைச் சீராக்கும் இயந்திரத்தைப் பார்த்து அவருக்கு அந்த எண்ணம் தோன்றியது. செல்வந்தர் வீட்டு முற்றத்துக்கும் விளையாட்டுத் திடலுக்கும் உருவான கருவி அது. பிற்காலத்தில் வந்த, ஆள் ஏறி உட்கார்ந்து ஓட்டும் பெரிய இயந்திரமும் சமதரைக்கென்றே பிறந்தது. 15 பாகைக்கு மேற்பட்ட சரிவில் அதை ஓட்டக்கூடாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் எச்சரிக்கை. பத்தடி தூரத்துக்கு ஏறத்தாழ இரண்டே முக்கால் அடி உயரும் சரிவு அது. எமது தேயிலை மலைகளுள் எத்தனை இந்த எல்லைக்குள் அடங்கும்?

பாடசாலை மைதானத்துக்கோ ஆலய வளவுக்கோ இத்தகைய இயந்திரம் அன்பளிப்பாக வருமானால் நன்றியோடு பெற்றுக்கொள்ளலாம். ஆனால் சில விதிகளை முதலிலேயே வகுத்துக்கொள்ள வேண்டும். சிறு சரிவிலும் மேலும் கீழுமாக ஓட்ட வேண்டும். குறுக்காக ஓட்டினால் கவிழும். ஈரப் புல்லில் ஓட்டக்கூடாது. பின்னால் எடுக்குமுன் திரும்பிப் பார்க்க வேண்டும். பிள்ளைகளை மடியில் ஏற்றி விளையாட்டுக் காட்டுவதற்கு இது தேர் அல்ல. ஓட்டுநர் எழுந்தால் பிளேட் தானாக நிற்கும்படி இருக்கைக்கு அடியில் ஒரு சுவிச் இருக்கும். அது தொல்லை தருகிறது என்று வயரைக் கட்டி முடக்கிவிடுவது, உயிரோடு விளையாடுவதாகும். அடியில் சிக்கிய புல்லை எடுக்குமுன் எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கழற்றி, பிளேட் முற்றாக நின்றதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

மலையில் நடப்பது

தேயிலை மலைக்கு உகந்தது தோளில் மாட்டும் சிறிய இயந்திரமே. சிறியது என்பதால் ஆபத்து இல்லாதது என்று எண்ணிவிடக் கூடாது. அதன் பிளேட் நிமிடத்துக்குப் பல ஆயிரம் தடவை சுழல்கிறது. அதில் பட்ட சிறு கல் துப்பாக்கிச் சன்னம்போலப் பாயும். அதனாலேயே 15 மீற்றர், அதாவது ஏறத்தாழ 50 அடி சுற்றளவுக்குள் வேறெவரும் நிற்கக்கூடாது என்று சொல்லப்படுகிறது. பக்கத்து வரிசையில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் இயந்திரம் ஓடுவதை அனுமதிக்கும் எவரும் இந்த விதியை அறிந்தவராக இருக்க முடியாது.

செருப்புக் காலோடு, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, கண்ணாடி இல்லாமல் ஒருவர் வெட்டுகிறார். பிளேட்டுக்கு மேல் இருக்க வேண்டிய காப்புத் தகடு கழற்றப்பட்டிருக்கும். ஏன் என்று கேட்டால், "புல் சுத்திக்கிதுங்க சாமி, வேலை ஓடாது" என்பார். நைலோன் கயிறு தீர்ந்துபோனால் கம்பியைச் செருகிக்கொள்வோரும் உண்டு. அந்தக் கம்பி அறுந்து பறந்தால் எதிரில் வருபவரின் உடலைத் துளைத்துவிடும். இவற்றையெல்லாம் தொழிலாளியின் அலட்சியம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் கொந்தரப்புக்கு இத்தனை ஏக்கர் என்று பேசி வேலை கொடுக்கும்போது, காப்புத் தகட்டைக் கழற்றும்படி அந்தக் கணக்கே அவருக்குச் சொல்கிறது. வாய்விட்டுச் சொல்லாத கட்டளையும் கட்டளைதான்.

எமது மலைக்கே உரிய ஆபத்துகளும் உண்டு. முதலாவது, குளவி. தேயிலைச் செடிக்குள்ளும் நிழல் மரத்திலும் கூடு இருப்பது தெரியாமல் இயந்திரத்தை முடுக்கினால், அந்த இரைச்சலும் அதிர்வும் கூட்டைக் கலைத்துவிடும். கலைந்த குளவி வெட்டுபவரை மட்டுமல்ல, அந்த மலையில் நிற்கும் அனைவரையும் கொட்டும். குளவி கொட்டி உயிரிழந்தவர்கள் எமது தோட்டங்களில் உள்ளனர். ஆகவே முடுக்குமுன் ஒருவர் மலையை ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். கூட்டை மட்டுமல்ல, கல், போத்தல், கம்பி, ஒளிந்திருக்கும் கான் ஆகியவற்றையும் அந்த நடையிலேயே கண்டுகொள்ளலாம்.

இரண்டாவது, தீ. ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று வீசும் காலத்தில் மானாப்புல் காய்ந்து சருகாய் நிற்கும். சூடான புகைக்குழாயோடு இயந்திரத்தை அதன்மேல் வைத்தாலோ, எஞ்சின் ஆறுமுன் பெற்றோல் ஊற்றினாலோ ஒரு மலையே எரிந்துபோகலாம். பெற்றோல் நிரப்பும் இடம் வெறும் தரையாக இருக்க வேண்டும். நிரப்பிய இடத்திலேயே முடுக்காமல் சில அடி தள்ளிச் சென்று முடுக்க வேண்டும்.

மூன்றாவது, சரிவு. பெரும்பாலான இயந்திரங்களில் பிளேட் மேலிருந்து பார்க்கும்போது இடப்பக்கமாகச் சுழலும். எனவே வலமிருந்து இடமாக வீசி வெட்டுவதே முறை. பிளேட்டின் முன்வலப் பக்கம் கல்லிலோ தேயிலைத் தூரிலோ பட்டால் இயந்திரம் சட்டென உதறித் தள்ளும். சமதரையில் இரண்டடி தள்ளாடுபவர் சரிவில் உருண்டே போவார். ஏறி ஓட்டும் இயந்திரத்தைப்போல மேலும் கீழுமாகப் போகாமல், இதைக் கொண்டு மலைக்குக் குறுக்காக, தட்டுத் தட்டாக வெட்ட வேண்டும். ஒருவருக்கு நேர் கீழே இன்னொருவர் வேலை செய்யக்கூடாது. தூரைச் சுற்றியுள்ள புல்லைக் கையால் எடுப்பதே செடிக்கும் நல்லது, ஆளுக்கும் நல்லது.

பராமரிப்பும் வேலைதான்

இயந்திரத்தைப் பேணுவது பெரிய வித்தை அல்ல. ஆனால் நேரம் வேண்டும். காலையில் பிளேட்டின் நட்டு இறுகியிருக்கிறதா, பிளேட்டில் வெடிப்பு உண்டா என்று பார்க்க வேண்டும். வெடித்ததை ஒட்டுவைத்துப் பாவிக்கக்கூடாது, எறிந்துவிட வேண்டும். மழுங்கியதை இருபக்கமும் சமமாக அராவ வேண்டும். ஒருபக்கம் மட்டும் தேய்ந்தால் இயந்திரம் நடுங்கும், கையும் நடுங்கும். அந்த நடுக்கத்தை ஆண்டுக்கணக்கில் தாங்கிய விரல்கள் குளிரில் வெளுத்து மரத்துப்போகும். இரைச்சலோ காதைச் செவிடாக்கும். பிடியைத் தளர்த்தியதும் பிளேட் நிற்காமல் சுழன்றால், அந்த இயந்திரத்தை மலைக்குக் கொண்டுபோகவே கூடாது.

எரிபொருளிலும் கவனம் தேவை. டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெற்றோலோடு ஒயிலைச் சரியான அளவில் கலக்க வேண்டும். 25க்கு 1 என்றால் ஒரு லீற்றருக்கு 40 மில்லிலீற்றர். 50க்கு 1 என்றால் 20 மில்லிலீற்றர். எது பொருந்தும் என்பது இயந்திரத்தோடு வரும் கைநூலில் இருக்கும். கண்மட்டத்தில் ஊற்றினால் ஒயில் குறைந்து எஞ்சின் இறுகும், அல்லது கூடிப் புகை கக்கும். மாலையில் காற்று வடிகட்டியைக் கழற்றித் துப்புரவாக்கி, தகட்டின் அடியில் ஒட்டிய புல்லைச் சுரண்டி எடுக்க வேண்டும். குறித்த மணித்தியாலங்களுக்கு ஒருமுறை முனைப்பகுதிக்குக் கிறீஸ் இட வேண்டும். நீண்ட நாள் வைப்பதாயின் தாங்கியை வெறுமையாக்க வேண்டும். பிளேட்டில் கை வைக்கும் எந்த வேலைக்கும் முன் பிளக்கின் தொப்பியைக் கழற்ற வேண்டும்.

இவற்றுக்குக் காலையில் அரைமணி, மாலையில் அரைமணி தேவைப்படும். அந்த ஒரு மணித்தியாலம் யாருடையது? இன்று அது தொழிலாளியின் ஓய்விலிருந்து போகிறது, அல்லது செய்யப்படாமலே விடப்படுகிறது. அரம் தீட்டும் நேரமும் வெட்டும் நேரமே. அது அன்றைய பேருக்குள் சேர்க்கப்பட வேண்டும். இந்த ஒன்றை ஏற்றுக்கொண்டாலே பாதி விபத்துக்கான காரணம் நீங்கும் என்பது என் உறுதியான கருத்து.

இரத்தப்பழி யார்மேல்?

இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரம், புது வீடு கட்டுபவன் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும் என்று விதிக்கிறது. எவராவது விழுந்து இறந்தால் அந்தப் பழி வீட்டின்மேல் வரும் என்பதே காரணம். விழுந்தவன் கவனமாக நடந்தானா என்று அச்சட்டம் முதலில் கேட்கவில்லை. கட்டியவன் சுவர் வைத்தானா என்றே கேட்கிறது. இயந்திரத்தின் காப்புத் தகடு எமது காலத்துக் கைப்பிடிச் சுவர். வேலை மனிதனுக்காகவே அன்றி மனிதன் வேலைக்காக அல்ல என்பதைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் தொழில் பற்றிய தமது சுற்றுமடலில் வலியுறுத்தினார்.

நாட்டின் சட்டமும் இதே திசையில்தான் நிற்கிறது. 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையின்போது கண்ணையோ விரலையோ இழந்தவருக்கு வேலைகொள்வோர் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்கிறது. ஆனால் காயம் பட்ட அன்றே தோட்டக் காரியாலயத்தில் பதியாமலும், ஆஸ்பத்திரியில் வேலையில் பட்ட காயம் என்று சொல்லாமலும் விட்டால், பின்னர் நிரூபிப்பது கடினம். இன்று பல தோட்டங்களில் மலையைப் பிரித்துக் குடும்பங்களிடம் பராமரிக்கக் கொடுக்கும் முறை வந்துள்ளது. அதில் சில நன்மைகள் இருக்கலாம். ஆனால் இயந்திரத்தைத் தொழிலாளியே வாங்கி, தொழிலாளியே வெட்டி, தொழிலாளியே காயப்பட்டால் நட்டஈட்டுக்கு யாரிடம் போவது? இந்தக் கேள்விக்கு எழுத்தில் விடை கிடைக்காமல் எவரும் கையொப்பம் இடக்கூடாது. தொழிற்சங்கங்கள் சம்பளத்தைப் பேசும் அதே மேசையில் இதையும் பேச வேண்டும்.

இன்னுமொன்று. இயந்திரம் வந்த இடத்தில் பயிற்சி பெரும்பாலும் ஆண்களுக்கே போகிறது. குனிந்து கையால் புல் பிடுங்கும் மிச்ச வேலை பெண்களுக்கு. எடை குறைந்த இயந்திரமும் உடலுக்குப் பொருந்தும் தோள்பட்டியும் தந்தால் எம் பெண்கள் கற்கமாட்டார்களா?

நாம் செய்யக்கூடியவை

கம்பனிகள் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் கண்ணாடி, முகமூடி, காதுக்காப்பு, கையுறை, சப்பாத்து ஆகியவற்றைச் சேர்த்தே வழங்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பராமரிப்புப் புத்தகம் வைக்க வேண்டும். உதவி வழங்கும் அமைப்புகள், திருச்சபையின் அமைப்புகள் உட்பட, இயந்திரம் கையளிக்கும் புகைப்படத்தோடு நின்றுவிடாமல், பயிற்சிக்கும் மூன்றாண்டு உதிரிப்பாகத்துக்கும் திட்டத்திலேயே பணம் ஒதுக்க வேண்டும். பங்குகளில் இளைஞர் சிலருக்குத் திருத்தும் பயிற்சி கொடுத்தால், ஒரு பிளக்குக்காகப் பதுளை நகருக்கு அலையும் நாளும் மிஞ்சும், ஒரு தொழிலும் பிறக்கும். தொழிலாளர் தோழர்களோ, காப்புத் தகடில்லாத இயந்திரத்தைத் தோளில் மாட்ட ஒருவராக அல்ல, ஒரு குழுவாக மறுக்க வேண்டும். தனியே மறுப்பவருக்கு வேலை போகும். எல்லோரும் மறுத்தால் தகடு வரும்.

புல் வெட்டிய மறுமாதம் மீண்டும் முளைக்கும். போன கண் முளைக்காது. இந்தக் கணக்கைத் தோட்டத்தின் வரவு செலவில் சேர்க்கும் வரை எமது மலைகளில் இயந்திரம் வந்திருக்கிறதே அன்றி முன்னேற்றம் வரவில்லை.