‘ஆட்சேபனை இல்லை, ஆனா...’: மறைந்திருக்கும் வெறுப்பை அளப்பது எப்படி?

“அவங்க எப்படி இருந்தா நமக்கென்ன? ஆனா, ஊரறியக் கொடி பிடிச்சு ஊர்வலம் போகணுமா?” தன்பாலீர்ப்பாளர்கள் பற்றிப் பேச்சு வந்தால் இப்படிச் சொல்பவர்கள் உண்டு. இது வெறுப்பா, வெறும் கருத்தா?

1980-களில் உருவான அளவுகோல்கள், ‘இது பாவமா, இயற்கைக்கு முரணானதா?’ என்ற ரீதியில் நேரடியாகவே கேட்டன. காலப்போக்கில் கனடாவின் கல்லூரி மாணவர்களில் பலர் அவற்றை ஏற்கவில்லை. அப்படியானால் வெறுப்பு ஒழிந்துவிட்டதா?

கனடா உளவியலாளர்கள் மெலனி மாரிசன், டாட் மாரிசன் இருவரும் 2002-இல் வெளியிட்ட அளவுகோல், கேள்வியையே மாற்றியது. ‘பாகுபாடெல்லாம் பழைய கதை, தேவையில்லாத உரிமைகளைக் கேட்கிறார்கள், தங்கள் பாலீர்ப்பையே பெரிதுபடுத்துகிறார்கள்’ என்ற மூன்று எண்ணங்களைச் சுற்றியே அதன் வாசகங்கள் அமைந்தன. ஒவ்வொன்றையும் ஒருவர் எந்த அளவுக்கு ஏற்கிறார் என்பதற்கு மதிப்பெண்.

மாற்றுக் கருத்து சொன்னாலே வெறுப்பா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒரு வாசகத்தை ஏற்பதால் மட்டும் யாரும் வெறுப்பாளர் ஆகிவிடுவதில்லை. எல்லாவற்றையும் சேர்த்த மதிப்பெண்ணே கணக்கு. அது நடத்தையிலும் வெளிப்படுகிறதா என்று ஆய்வாளர்கள் சோதித்தார்கள். படம் பார்க்க வந்தவர்கள் எங்கே உட்காருவது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு பக்கம், தன்பாலீர்ப்பை ஆதரிக்கும் வாசகம் கொண்ட டி-ஷர்ட் அணிந்த ஒருவர். மறுபக்கம் வேறு படம் என்ற சாக்கு கிடைத்தபோது, அதிக மதிப்பெண் பெற்றவர்கள் அவரைத் தவிர்க்கும் போக்கு தெரிந்தது. ‘எனக்கு அந்தப் படம்தான் பிடிக்கும்’ என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா?

இந்தியாவுக்கும் இதில் பாடம் இருக்கிறது. 2018 செப்டம்பர் 6 அன்று, வயதுவந்தோரின் விருப்பத்துடனான தன்பாலுறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ‘அதான் சட்டமே மாறிடுச்சே, இன்னும் என்ன குறை?’ என்பது மேற்சொன்ன அளவுகோலின் முதல் எண்ணம்தான். தீர்ப்புக்குப் பிறகும், மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் குடும்பத்தினரிடமிருந்தும் போலீஸ் தொந்தரவிலிருந்தும் பாதுகாப்பு கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வர வேண்டியிருந்தது. 2021-இல் அந்த வழக்கை விசாரித்த நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே முன்முடிவுகள் இருந்ததை வெளிப்படையாகப் பதிவுசெய்து, உளவியலாளரிடம் அமர்ந்து விளக்கம் கேட்டுக்கொண்டார்.

‘வெறுக்கிறீர்களா?’ என்று கேட்டால் பெரும்பாலோர் இல்லை என்றே சொல்வார்கள். வீடு வாடகைக்குத் தருவீர்களா, பக்கத்து மேசையில் வேலை செய்வீர்களா, உங்கள் பிள்ளையே வந்து சொன்னால் என்ன செய்வீர்கள்? நம் ஆய்வுகளும் அலுவலகங்களும் கேட்க வேண்டியவை இந்தக் கேள்விகள்தான்.