கணக்கில் வராத ஆறு

கைப்பேசியில் எடுத்த ஒளிப்படம் 'மேகத்தில்' சேமிக்கப்படுவதாகக் கூறுவது இன்றைய வழக்கம். அந்த மேகம் வானில் இல்லை. ஆயிரக்கணக்கான கணினிகள் இரவுபகலாக இயங்கும் தரவு மையம் என்னும் கட்டடத்துக்குள் இருக்கிறது. அக்கணினிகள் உண்ணும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாக மாறுகிறது. அவ்வெப்பத்தை வெளியேற்றும் குளிரூட்டிகளுக்கும் மின்சாரம் வேண்டும்.

நார்வே நாட்டின் ரென்னெசோய் தீவில் உள்ள கிரீன் மவுண்டன் தரவு மையம் இச்சிக்கலுக்குக் கடலிடம் விடை பெற்றது. மலையைக் குடைந்து அமைத்த நேட்டோ படையின் பழைய வெடிமருந்துக் கிடங்கே 2013ஆம் ஆண்டு இம்மையமாயிற்று. படைக்கலம் இருந்த இடத்தில் தகவல் குடியேறியது மகிழ்ச்சிக்குரியதே! அதனருகில் இருப்பது ஃபியோர்டு. அதாவது, பனியாறு அரித்த பள்ளத்தாக்கில் கடல் புகுந்து உருவான ஆழமான நீர்நிலை. அதன் ஆழத்தில் நீரின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 8 பாகை செல்சியசாகவே இருக்கிறது. குழாய்வழியே வரும் அந்நீர், வெப்பப் பரிமாற்றியில் கணினி அறைகளின் வெப்பத்தை ஏற்றுக்கொண்டு கடலுக்குத் திரும்புகிறது. நன்னீரை ஆவியாக்கி இழக்கும் குளிர்விப்பு முறையோடு ஒப்பிட்டால் இது பெரும் நன்மை.

ஆயினும், 'பசுமை' என்னும் பட்டத்தை அவ்வளவு எளிதில் வழங்கிவிட இயலாது. குளிர்நீர் மிச்சப்படுத்துவது குளிரூட்டிகளின் மின்சாரத்தை மட்டுமே. கணினிகளின் பசி சிறிதும் குறைவதில்லை. அப்பசியைத் தணிப்பது நீர்மின்சாரம். நார்வேயின் மின்னுற்பத்தியில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு அதுவே. அது நிலக்கரிப் புகையின்றிக் கிடைப்பது உண்மை. விலையின்றிக் கிடைப்பதாக எண்ணுவது பிழை.

அந்த விலையை நார்வேயின் வடகோடியில் ஓடும் ஆல்ட்டா ஆறு காட்டும். அதில் அணைகட்ட அரசு முனைந்தபோது, பனிமான் மேய்த்து வாழும் சாமி இனப் பழங்குடியினர் எதிர்த்தெழுந்தனர். முதலில் தீட்டிய திட்டப்படி மாசி என்னும் அவர்தம் சிற்றூரே நீரில் மூழ்கியிருக்கும். அது கைவிடப்பட்டது. சுருக்கிய திட்டத்தையும் ஏற்காதவர்கள் 1979இல் ஆஸ்லோ நகரில் நாடாளுமன்றத்தின்முன் உண்ணாநோன்பு மேற்கொண்டனர். எனினும் அணை எழுந்தது. 1987இல் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அப்போராட்டத்தின் பயனாகவே சாமி மக்களுக்கெனத் தனி மன்றம் 1989இல் அமைந்தது. ரென்னெசோய் மையத்தை ஆல்ட்டா அணைக்குப் பொறுப்பாக்குவது முறையன்று. ஆனால், நீர்மின்சாரத்தை அளவின்றிக் கேட்கும் ஒவ்வொரு புதிய மையமும் இன்னோர் ஆற்றின்மீது கண்வைக்கச் செய்யும்.

எனவே, அணைநீரில் பிறந்த மின்சாரம் எப்பணிக்குச் செல்கிறது என்று கேட்கும் உரிமை அந்நாட்டு மக்களுக்கு உண்டு. மருத்துவமனையின் பதிவேடும் மெய்ந்நிகர் நாணயம் ஈட்டும் கணக்கும் ஒரே தட்டில் வைக்கத்தக்கவை அல்ல. வெளியேறும் வெப்பத்தையும் கடலில் கரைத்துவிட வேண்டியதில்லை. அண்டைநாடான சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் தரவு மையங்களின் வெப்பம் குழாய்வழியே குடியிருப்புகளைச் சூடாக்குகிறது. புதிய மையம் அமைப்போர் குளிர்நீரின் அருகே மட்டுமன்றி, வெப்பம் தேவைப்படும் ஊரின் அருகேயும் இடந்தேடுதல் வேண்டும்.